எவ்வளவு தள்ளுபடி?

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கார்பன் அக்கா. தட்டச்சு இயந்திரம் இருந்த காலத்தில் ஏழு தாளுக்கு நடுவே ஆறு கார்பனைச் செருகி, ஓர் எழுத்துப் பிசகாமல் தீர்ப்பை அடித்துக் கொடுத்த கை அது. இப்போது எல்லா மேசையிலும் கணினி வந்துவிட்டது. கார்பன் தாளைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட அவரைக் கார்பன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கத்தில், கோப்பு அலமாரி ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கும் ஓர் அறையில் முப்பத்தொரு வருஷமாக வேலை. அக்காவுக்கு அதில் ஒரே ஒரு மனக்குறைதான். தான் அடித்ததை யாரும் படிப்பதில்லை. நாற்பது பக்கத் தீர்ப்பைக் கையில் வாங்கும் வக்கீல் எச்சில் தொட்டு நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். அனுமதியா, தள்ளுபடியா? அவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். மீதி முப்பத்தொன்பது பக்கமும் அம்போ.

அதனால்தானோ என்னவோ, ஐம்பத்தைந்து வயதில் அக்கா ஒரு நாவல் எழுதினார். காலையில் ஐந்தரை முதல் ஏழு வரை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு வருஷம். பதிப்பகங்கள் இரண்டு, ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அக்காவே அதை மின்னூலாக வலையேற்றினார். அதன் பெயர் ‘தள்ளுபடி’.

ஏழு மாதத்தில் விற்றது பதினொரு பிரதி. அதில் ஒன்பது பேர் தெரிந்தவர்கள். அவர்கள் படித்த லட்சணம் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. “எழுத்தைப் பெருசு பண்ணிப் படிக்கலாம் போல, ரொம்ப வசதி” என்றார் அண்ணி. மூத்த வக்கீல் ஒருவர் வராந்தாவில் நிறுத்திப் பாராட்டினார். “பிரமாதம்கா! கடைசில அந்தப் பொண்ணு ஜெயிச்சிடுது இல்ல?” புத்தகத்தின் பெயரே தள்ளுபடி. அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னார். “முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர், ஒரே ஒருத்தர், முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் இதைப் படிக்கணும். வருஷம் முடியறதுக்குள்ள அது நடக்கலைன்னா ரெண்டாவதை அழிச்சிடுவேன்.”

இரண்டாவது நாவல் முக்கால்வாசி முடிந்து கணினியில் இருந்தது. அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்லும் ரகம் அல்ல, சொன்னால் செய்துவிடுவார்.

கணவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். கதை கிதை அவருக்கு ஆகாது. ஆனால் எங்கேயாவது ஓர் எண் ஏறி இறங்கினால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். புத்தக விற்பனைப் பக்கம் அவருக்காகவே செய்தது போல இருந்தது. தினமும் காலையில் திறந்து பார்த்து, “மீட்டர் ஓடலம்மா” என்று அறிவிப்பார். மின்னூல்களுக்கு மெயிலில் விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்தவரும் அவர்தான்.

“ஒரே ஒரு நாள் விலையைக் குறைக்கணும். அவங்க லிஸ்ட்ல இருக்கிற அத்தனை பேருக்கும் மெயில் போயிடும். அதுக்கு நாம அவங்களுக்குக் காசு கட்டணும்.”

“குறைச்சு விக்கிறதுக்கு நாமளே காசு கட்டணுமா?”

“ஆமா.”

“அப்ப யாருக்குங்க லாபம்?”

“அவங்களுக்குத்தான். உனக்கு ஆள் வேணுமா, லாபம் வேணுமா?”

அக்கா அவர்களுடைய படிவத்தை நிரப்பினார். புத்தகத்தைப் பற்றி ஒரே வரியில் சுண்டியிழுக்கும்படி எழுதச் சொல்லியிருந்தது. ‘பணிநீக்கத்தை எதிர்த்து மனுதாரர் தாக்கல் செய்த மனுவும் அதன் மீதான ஒன்பது ஆண்டு விசாரணையும்’ என்று எழுதினார். எந்தப் பிரிவு என்ற கட்டத்தை, பிறகு பார்க்கலாம் என்று விட்டவர் மறந்தே போனார்.

மறுநாள் மதியம் நிறுவனத்துக்காரர் கூப்பிட்டார். “மேடம், புத்தகத்தோட பேரு போடற இடத்துல தப்பா அடிச்சிருக்கீங்க.”

முப்பத்தொரு வருஷத்தில் அக்காவிடம் யாரும் சொல்லாத வார்த்தை. “என்ன தப்பு?”

“தள்ளுபடின்னு போட்டிருக்கு.”

“அதான் பேரு.”

“மேடம், நாங்க அனுப்பறதே தள்ளுபடி மெயில். அதுல தள்ளுபடின்னு ஒரு புத்தகம்னா குழம்பிடும். பேரை மட்டும் மாத்திக்கலாமா?”

“அது முடியாதுங்க” என்றார் அக்கா.

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொன்னதில்லை. பல வருஷங்களுக்கு முன், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண், படுக்கை விரிப்பைத் திருடியதாக வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தாள். ஒன்பது வருஷம் நடந்தது. தீர்ப்பு நாளில் அவளுடைய வக்கீல் வேறு எங்கோ போய்விட்டார். உள்ளே வாசித்தது அவளுக்குப் புரியவில்லை. தாள்களோடு வெளியே வந்த அக்காவை வராந்தாவில் பிடித்து, “என்னம்மா போட்டிருக்கு?” என்று கேட்டாள். “தள்ளுபடிம்மா” என்றார் அக்கா. அவள் முகமெல்லாம் மலர்ந்து, “எவ்வளவும்மா?” என்றாள்.

கடையில் கேட்டுப் பழகிய வார்த்தை. அவளுக்கு ஏதோ கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அக்கா என்ன பதில் சொன்னார் என்பதுதான் நாவலின் கடைசிப் பதினைந்து பக்கம்.

குறித்த நாளில் காலை பத்து மணிக்கு மெயில் போனது. அனுப்புவதற்கு முன் பிழை பார்க்கிறவர் நல்ல வேலைக்காரர். ‘தள்ளுபடி 75% தள்ளுபடி’ என்று இருந்ததைப் பார்த்ததும் ஒரே வார்த்தை இரண்டு முறை விழுந்திருக்கிறது என்று முதலாவதை நீக்கிவிட்டார். அந்த நாற்காலியில் கார்பன் அக்கா இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். பிரிவு காலியாக இருந்ததால் ‘வீட்டுச் செலவும் சேமிப்பும்’ என்று போட்டு, அதற்கு ஒட்டாத அக்காவின் ஒரு வரியையும் எடுத்துவிட்டார். ஆக, அட்டையில் இருந்த மூடிய பச்சைக் கதவின் படமும் பக்கத்தில் ‘75% தள்ளுபடி, இன்று மட்டும்’ என்ற வரியுமாகப் புத்தகம் ஊருக்குள் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் நூற்று அறுபத்து மூன்று பிரதி. கணவருக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சம் பிடிப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்களை எல்லாம் கீழே தள்ளிவிட்டு, நிறுவனத்தின் பட்டியலில் வீட்டுச் செலவுப் பிரிவில் முதல் இடம்.

“ஒன்னாம் நம்பர்மா!”

“எதுல?” என்று கேட்டு எட்டிப் பார்த்த அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

மறுநாளே ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தது. வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டதோடு நிற்காமல் ஒற்றை நட்சத்திரத்தையும் குத்திவிட்டுப் போனார்கள். ‘ஒரு கடையின் பெயர்கூட இல்லை’ என்றார் ஒருவர். ‘கூப்பன் எண் எந்தப் பக்கத்தில் உள்ளது?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர், ‘எடுத்த எடுப்பிலேயே ஒரு பெண் அழுகிறாள். நான் குளிர்பதனப் பெட்டி வாங்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். கணவர் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். அக்கா சிரித்தேவிட்டார். அவருக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. தள்ளுபடி என்றதும் எவ்வளவு என்று கேட்பவர்களை அவர் அவமதிக்க மாட்டார். ஆனால் வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் வலித்தது.

நிறுவனத்துக்காரர் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பெயரைச் சரியாகப் போட்டு அடுத்த வாரம் இலவசமாகவே இன்னொரு மெயில் அனுப்புவதாகச் சொன்னார். “வேண்டாங்க, போதும்” என்று அக்கா வைத்துவிட்டார். வருஷம் முடிய ஐந்து வாரம் இருந்தது.

அப்போதுதான் கணவர் விற்பனைப் பக்கத்தில் வேறொரு கட்டத்தைக் கண்டுபிடித்தார். மாதச் சந்தா கட்டியவர்கள் புத்தகத்தை வாங்காமலே எடுத்துப் படிக்கலாம். அவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்று தினமும் அதில் விழும். அதுவரை பூஜ்யமாகவே கிடந்த அந்தக் கட்டத்தில் பதினெட்டு என்று இருந்தது. மறுநாள் இருபத்திரண்டு. அதற்கு மறுநாள் பத்தொன்பது.

“பத்து பேர் ஆளுக்கு ரெண்டு பக்கம் பாத்துட்டுப் போயிருப்பாங்க” என்றார் அக்கா.

“இல்லம்மா. நான் எத்தனை மீட்டர் பாத்திருக்கேன்! ஞாயித்துக்கிழமை ஏறுது, திங்கக்கிழமை இறங்குது. இது ஒரே வீட்டு லோடு.”

அக்கா நம்பாதது போலக் காட்டிக்கொண்டார். ஆனால் ஆபீசுக்குக் கிளம்பும் முன், செருப்பு மாட்டிக்கொண்டே, “இன்னிக்கு எவ்வளவு?” என்று கேட்காமல் போகமாட்டார். இரண்டு வாரத்தில் இருநூற்று எழுபத்தொன்று ஆனது. மொத்தம் இருநூற்று எண்பத்தாறு பக்கம். இன்னும் ஒரு நாள்.

மறுநாள் பூஜ்யம். அதற்கு அடுத்த நாளும் பூஜ்யம்.

“வெளியூர் போயிருப்பாங்க” என்றார் கணவர். நான்காம் நாள், “உடம்புக்கு முடியலையோ என்னவோ” என்றார். எட்டாம் நாள் அக்கா புத்தகத்தைத் திறந்து இருநூற்று எழுபத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பெண் வராந்தாவில் நிற்கிறாள். தட்டச்சர் தாள்களோடு கதவைத் திறந்து வெளியே வருகிறார். அதோடு பக்கம் முடிகிறது. எதையாவது வளவளவென்று எழுதி அந்த ஆளை விரட்டிவிட்டோமா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு.

வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு விமர்சனம் வந்தது. நான்கு நட்சத்திரம். கணவர்தான் வாசித்தார்.

‘துணி துவைக்கும் இயந்திரம் வாங்கத் தள்ளுபடி தேடி இங்கே வந்தேன். ஏமாந்துவிட்டேன் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் படித்தேன். தினமும் பேருந்தில் படித்தேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டில். கடைசிப் பதினைந்து பக்கத்தைப் படிக்கவில்லை. என்ன ஆகும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. நான் படிக்காத வரை அவளுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. இப்போதைக்கு அவள் அங்கேயே நிற்கட்டும். முடிக்காததால் ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.’

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அழுதார். கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த விமர்சனத்தையே மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

“முடிக்கலையேம்மா” என்றார் கடைசியில், பயந்துகொண்டே. “இதை எப்படி எடுத்துக்கறது? ரெண்டாவதை அழிக்கணுமா, வேண்டாமா?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வழக்கு முடியலைங்க. அவளுக்காக ஒருத்தங்க வாய்தா வாங்கியிருக்காங்க. அதுவரைக்கும் எதையும் அழிக்கக் கூடாது.”