ஈசானிய மூலைக்கு மட்டும் ஈரம்

ராயபுரத்தில் பனியன் கம்பெனி அயர்ன் டேபிள் முன்னால் நின்றிருந்தபோது அக்காவின் போன் வந்தது. "கண்ணு, உங்க மச்சான் போயிட்டாருடா" என்றாள். எதற்கும் ஒரு கேலி கைவசம் வைத்திருக்கும் நான் அயர்ன் பாக்ஸை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பொன்னுச்சாமி மச்சானைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய உருளைக்கிழங்கும் தெரியும். உடுமலைப் பக்கத்துத் தோட்டத்தை பனியன் கோடவுன் ஆக்க வேண்டுமென்று மகன் நின்றான். ஒரு வெள்ளாமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் இவர். பனிக்காலத்துக்கு உருளை போடலாம் என்று போனில் இருந்த விவசாய ஆப் சொல்லியிருந்தது. கம்பெனியிலிருந்து ஸ்வெட்டர் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "கொண்டா மாப்ள, கெழங்குக்குப் போத்தி உடலாம்" என்றார்.

ஆப்காரர்கள் இரண்டு பேர் வந்து ஒரு கம்பியை மண்ணில் நட்டார்கள். ஈரத்தை அளந்து, எப்போது தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்று அது போனுக்குச் சொல்லும். எங்களில் தோட்டத்துக்கு எது புதிதாக வந்தாலும் ஈசானிய மூலையில்தான் தொடங்குவோம். மச்சான் அந்த மூலையைக் காட்டினார், அங்கேயே நட்டார்கள். சந்தனப் பொட்டு வைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். வந்தவர்கள் சந்தோஷமாகப் படம் பிடித்துக்கொண்டார்கள். அதன்பின் தினமும் குளித்ததும் அதற்கு ஒரு சொம்பு. "வேல செய்யறதுக்குத் தண்ணி காட்டோணுமல்லோ" என்பார்.

ஈரம் போதும், பாய்ச்ச வேண்டாம் என்றே ஆப் சொல்லிக்கொண்டிருந்தது. போர்வெல்லில் தண்ணீர் இருந்தும் மச்சான் மோட்டாரைப் போடவில்லை. செடி துவண்டபோது ஆப்காரர்களுக்குப் போன் செய்தார். தண்ணீர் விட்டால் கிழங்கு அழுகிவிடும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். வந்து பார்க்க ஒருவருக்கும் கால் வரவில்லை. "படிச்சவங்க பாத்துத்தான் சொல்லுவாங்க" என்று இவர் மோட்டார் பக்கமே போகவில்லை.

தோண்டினால் எல்லாம் நெல்லிக்காய் அளவு. ஈசானிய மூலையில் மட்டும் நாலு செடியில் நல்ல கிழங்கு. அக்காதான் நிமிர்ந்து அந்தக் கம்பியைப் பார்த்தாள். "ஏனுங்க, தெனமும் அதுக்கு மட்டும் ஊத்துனா, அது போதும்னுதானுங்க சொல்லும்."

தண்ணீர் ஊற்றியது விவசாயியின் தவறு என்றார்கள் ஆப்காரர்கள். அவர்களுடைய விளம்பரத் தட்டி உடுமலை பஸ் ஸ்டாண்டில் இருந்தது. அதில் மச்சான் சிரித்துக்கொண்டு கம்பிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். ஊரே பார்த்தது, ஒட்டியவர்களுக்கு மட்டும் கண் தெரியவில்லை.

மகன் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கோடவுன் எழும்பியதும் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். "என் தோட்டத்துக்கு நானே வாட்ச்மேன் மாப்ள, எவனுக்குக் கெடைக்கும்?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியிலேயேதான் நெஞ்சு வலி வந்தது.

காரியம் முடிந்ததும் ஆப்காரர்கள் அக்காவுக்குப் போன் செய்தார்கள். துக்கம் கேட்க அல்ல, கம்பியைத் திருப்பிக் கேட்க. அது என்னிடம் இருக்கிறது. மச்சானுடையதென்று நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். பார்சலில் அனுப்ப மாட்டேன், நேரில் வாங்க என்று சொல்லிவிட்டேன். வருகிறவரை கோடவுனின் ஈசானிய மூலைக்குக் கூட்டிப் போவேன். இப்போது அங்கே சிமெண்டுத் தரை. குனிந்து கையால் தொட்டுப் பார்த்து, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிட்டுக் கம்பியை வாங்கிப் போகட்டும்.