துரைக்குக் கட்டிய வீடு

குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பழுதுபார்க்கிற அவரை எல்லாரும் ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கிடங்கில் ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் உயிரை வாங்கிவிடுவார், அதனால் வந்த பெயர். மீன் கிடங்கோ மருந்துக் கிடங்கோ, கதவோரம் ஓர் அளவும் மூலையில் வேறோர் அளவும் காட்டினால் அவருக்கு அது மானப் பிரச்சினை. இருபத்தெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. கம்பளித் தொப்பியும் தடித்த கையுறையுமாக உள்ளே போவார், மூக்கு சிவந்து வெளியே வருவார். எந்த இயந்திரமும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதும் இல்லை, துரையைப் பார்க்கிற வரைக்கும்.

துரை ஒரு கெக்கோ. பல்லி இனம்தான், ஆனால் நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற ரகமில்லை. மஞ்சள் உடம்பில் சிறுத்தைபோல் கறுப்புப் புள்ளிகள், கொழுத்த வால், உலகத்தையே மன்னித்துவிட்டதுபோல் ஒரு வாய். செல்லப்பிராணிக் கடை ஒன்றில் குளிர்சாதனத்தைச் சரிசெய்யப் போனவர், ஏணியிலிருந்து இறங்கும்போது கண்ணாடித் தொட்டிக்குள் அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டு, மெதுவாக இமையை மூடித் திறந்தது. சுவர்ப் பல்லிக்கு இமையே கிடையாது, இதற்கு உண்டு என்று கடைக்காரம்மா விளக்கினார். விளக்கம் அவர் காதில் விழவில்லை. ஐம்பத்தோரு வயதில், வாழ்நாளில் ஒரு கோழிக்குஞ்சுகூட வளர்க்காத மனிதர், அந்த இடத்திலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார்.

கடைக்காரம்மா லேசில் கொடுத்துவிடவில்லை. இரண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த ஜீவன் அது. மூன்றாவது இடமும் ஒத்துவரவில்லையென்றால் இனி யாருக்கும் தரமாட்டேன், கடைக்குப் பின்னால் நானே வைத்துக்கொள்வேன் என்றார். பத்து நாளுக்குள் சாப்பிட ஆரம்பிக்கவில்லையென்றால் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டைத் தயார்செய்துவிட்டு வந்து எடுத்துப்போங்கள் என்று, வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

தபால் அலுவலகத்தில் கவுண்டர் பார்க்கிற மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். “சுவர்ல இருக்கறத விரட்டவே எனக்கு நேரம் பத்தல. நீங்க ஒன்னைக் கையோட கூட்டிட்டு வர்றீங்களா?”

அது சுவர் ஏறாது, காலில் ஒட்டுகிற விரல் கிடையாது என்று இவர் சமாதானம் சொன்னார். கண்ணை மூடித் திறக்கும் என்பதையும் சொன்னார். அதில் என்ன பெருமை என்று அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. கடைசியில், பின்னறையோடு அதன் ராஜ்யம் முடிந்துவிட வேண்டும், அந்த அறைக்குள் நான் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன் என்று எல்லை வகுத்தார். வருவதற்கு முன்பே அதற்கு ‘துரை’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். “துரைக்கு மாளிகை எந்த மட்டுல இருக்கு?” என்று வேலைவிட்டு வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே கேட்பார்.

மாளிகைதான். அதில் சந்தேகமில்லை. ஒட்டுப்பலகையில் பெட்டி, சுற்றிலும் இரண்டங்குலத் தெர்மாகோல், முன்பக்கம் இரட்டைக் கண்ணாடி. கழித்துக்கட்டிய ஒரு ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் பட்டையை வெட்டி விளிம்பில் ஒட்டினார். கீழே சூடேற்றும் தகடு, அதை அடக்கி வைக்கத் தெர்மோஸ்டாட், உள்ளே காற்றைச் சுழற்றச் சின்ன மின்விசிறி. பதுங்க இரண்டு குகை, ஈரப்பாசி வைத்த டப்பா ஒன்று, தண்ணீர்க் கிண்ணம். நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து வெப்பமானிகள்.

கடைக்காரம்மாவின் தாளில் ஒரு வரி இருந்தது: சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 25. அதைப் படித்துவிட்டு டிகிரி தனக்குள் சிரித்துக்கொண்டார். ஒரே பெட்டிக்குள் ஏழு டிகிரி வித்தியாசமா? பாவம், வீட்டில் கட்டுகிறவர்களுக்கு அவ்வளவுதான் வரும், அந்த அம்மாளும் போனால் போகிறதென்று சலுகை கொடுத்திருக்கிறார் என்று முடிவுகட்டினார். இவருக்கு எதற்குச் சலுகை? மூன்று நாள் மல்லுக்கட்டி, ஐந்து வெப்பமானியிலும் முப்பத்திரண்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். இதைவிடச் சுத்தமான வேலை தன் சர்வீஸில் செய்ததில்லை என்று தோன்றியது. கிடங்கில் எல்லாருக்கும் போட்டோ காட்டினார். பார்த்தவர்கள் கெக்கோவைப் பற்றிக் கேட்டார்கள், இவர் வெப்பமானியைப் பற்றிப் பேசினார்.

துரை வந்தார். முதல் நாள் சாப்பிடவில்லை. புது இடம், கூச்சம் என்றார் டிகிரி. மூன்றாம் நாளும் சாப்பிடவில்லை. இடுக்கியால் மாவுப்புழுவைப் பிடித்து முகத்துக்கு நேரே நீட்டினால், ஏதோ பழைய பகைபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. குகைகள் இரண்டையும் சீந்தவில்லை. ஈரப்பாசி டப்பாவுக்குள்ளேயே கிடந்தது, இல்லையென்றால் தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் வயிற்றைப் போட்டுப் படுத்தது. எங்கேயோ காற்று கசிகிறது போலிருக்கிறது என்று டிகிரி சந்தேகப்பட்டார். சந்து பொந்தெல்லாம் சிலிக்கான் பசை தடவி இன்னும் இறுக்கி அடைத்தார்.

கெக்கோவுக்குக் கொழுப்பெல்லாம் வாலில்தான் சேமிப்பு. வால் இளைத்தால் ஆபத்து. துரை கண்ணாடியோரம் வரும்போதெல்லாம் வெளியே காலிபர் அளவுகோலைப் பிடித்து வாலை அளந்தார். ஏழாம் நாள் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நாம் சொல்வோம். அவருக்கு வேலை ஓடவில்லை, சோறு இறங்கவில்லை. ஒரு கிடங்கில் ஸ்பேனரையே மறந்துவிட்டு வந்தார். எட்டிப் பார்க்கமாட்டேன் என்ற மனைவி, அறை வாசல்வரை வந்து நின்று, “இன்னைக்காவது?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார். இவர் இல்லையென்று தலையாட்டுவார்.

ஒன்பதாம் நாள் காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கடைக்குப் போன் போட்டார். நாளைக்குக் கொண்டுவந்து விடுகிறேன், என்னால் அதைப் பட்டினிபோட முடியாது என்றார். கடைக்காரம்மா ஒவ்வொன்றாக விசாரித்தார். சூடு எவ்வளவு? முப்பத்திரண்டு. அடுத்து, குளிர்ந்த பக்கம் எவ்வளவு என்றார்.

அந்தத் துக்கத்திலும் டிகிரியின் குரல் நிமிர்ந்தது. “நம்ம பெட்டியில அந்தக் குறையெல்லாம் கிடையாதும்மா. எந்த மூலையில வச்சுப் பார்த்தாலும் முப்பத்திரண்டு.”

கடைக்காரம்மா பொறுமையாகச் சொன்னார். “அண்ணே, அதுக்குன்னு சொந்தமா சூடு கிடையாது. வேணும்னா சூட்டுப் பக்கம் போகும், போதும்னா இந்தப் பக்கம் வந்துடும். நீங்க அது நகர்றதுக்கு இடமே வைக்கல.”

பாசி டப்பாவும் தண்ணீர்க் கிண்ணமும் இப்போதுதான் டிகிரிக்குப் புரிந்தன. ஒன்பது நாளாகத் துரை கொஞ்சம் குளிர்ச்சியைத் தேடி அலைந்திருக்கிறது, இவர் பசை தடவியிருக்கிறார். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி சிரித்த சிரிப்பில் போனே ஆடிப்போயிற்று. ஜன்னலையெல்லாம் அடைத்து வீட்டை ஒரே டிகிரியில் வைத்துக் காவல் காக்கிறவரோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அவர். இதை எவராவது இவரிடம் சொல்லமாட்டார்களா என்று அவர் காத்திருந்ததும் இருபத்திரண்டு வருஷம்.

வேலைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு டிகிரி டிரில்லை எடுத்தார். துரையை ஒரு டப்பாவுக்கு மாற்றினார்கள். டப்பாவைப் பிடித்துக்கொண்டது மனைவிதான், கையை முழநீளம் நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. வாழ்நாளில் தான் கட்டியதிலேயே உருப்படியான பெட்டியில், தன் கையாலேயே இடது பக்கம் பன்னிரண்டு ஓட்டை போடுவது லேசான காரியமா? முதல் ஓட்டைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். விசிறியைப் பிடுங்கினார். சூட்டுத் தகட்டை வலது கோடிக்குத் தள்ளினார். இடது கோடியில் தெர்மாகோலைப் பிய்த்தெறிந்தார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது, இன்னொன்று இருபத்தைந்து காட்டியது. பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. துரையை உள்ளே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கிடங்குக்குக் கிளம்பினார்.

மறுநாள் பத்தாம் நாள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டிகிரி மீன் கிடங்கில், மைனஸ் பதினெட்டில், மண்டியிட்டு ஒரு வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு வேலை முடியும், பிறகு வீட்டுக்குப் போய்த் துரையைக் கடையில் சேர்க்க வேண்டும். கொண்டுபோகும் டப்பாவில் காலையிலேயே துணி விரித்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். சட்டைப்பைக்குள் போன் அடித்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு எடுத்தார்.

மனைவி. மூச்சு வாங்கியது. “ஏங்க, இன்னைக்கு நான் லீவு போட்டுட்டேன். காலையில இருந்து ஒரு பக்கம் காய்ஞ்சிட்டு, மறு பக்கம் வந்து படுத்துட்டு இருந்துச்சு. வாசல்ல இருந்து பார்த்தேன். இப்ப எந்திரிச்சு கண்ணாடிகிட்ட வந்து என்னையே பார்க்குது.”

“பார்த்து?”

“கண்ணை மூடித் திறந்துச்சு. சரின்னு உள்ள போய்ட்டேன். அந்த இடுக்கியால ஒரு புழுவை நீட்டினேன். வாலை ஆட்டிச்சு, லபக்குனு புடிச்சிருச்சுங்க. இதோட மூணு ஆச்சு.”

டிகிரி மீன் பெட்டி ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தார். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள், வீட்டில் யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது என்று நினைத்துக் கைகொடுக்க வந்தார்கள். அவரும் மறுக்காமல் எல்லாருக்கும் கையை நீட்டினார். உடனே கடைக்காரம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும், போனை வை என்று மனைவியிடம் பதறினார்.

“நான் அப்பவே சொல்லிட்டேன்,” என்றார் மனைவி. “துரை எங்கேயும் வரமாட்டார், இதுதான் அவர் வீடுன்னு சொல்லிட்டேன்.”