தொடக்க விழாவுக்குப் பிந்திப் போனோம்

எந்த விழாவும் அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குத் தொடங்காது என்பது என் கணவரின் உறுதியான நம்பிக்கை. இத்தனை வருடம் சுவிஸில் இருந்தும் அது அசையவில்லை. முழுப் பிழையும் அவர் மேல் இல்லை. எங்கள் ஆட்களின் அரங்கேற்றங்களில் மங்கல விளக்கேற்றி, பிரதம விருந்தினர் பேசி, பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள்.

ஆனால் அன்று நாங்கள் போகவேண்டியிருந்தது மகள் ஆடும் பாலே கம்பனியின் புதிய பருவத் தொடக்க விழாவுக்கு. அவளுக்கு முதல் நடனத்தில் மட்டும்தான் இடம். பனிக்காலக் கடைசியில் ஒத்திகையில் பாய்ந்து இறங்கும்போது இடது கணுக்காலின் தசைநார் அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை நடந்தது. கோடை முழுவதும் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைப் பழக்கினாள். விழாவன்று அது தாங்காவிட்டால் அவளுடைய இடம் வேறொருத்திக்குப் போகும். இதை எங்களிடம் ஒருமுறைதான் சொன்னாள். எனக்கோ அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

டீட்டிகோனில் எங்கள் வீட்டு வாசலில் நான் சேலைக்கு மேல் கோட்டும் போட்டு நிற்க, இவர் கண்ணாடியின் முன் கட்டிய டையைக் கழற்றி இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, ரயில் போகப்போகுது."

"ஏன் அந்தரப்படுறீர்? பெரிய விழா. பேச்சுகள் எல்லாம் இருக்கும். வடிவா நேரம் கிடக்கு."

"இது எங்கட ஆக்களின்ரை அரங்கேற்றமில்லை. சுவிஸ்காரர் கதவைப் பூட்டிப்போடுவினம்."

ரயில் போய்விட்டது. அடுத்ததில் ஏறி, சூரிச்சில் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அரங்கின் முன்மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன் நின்ற பெண் மெதுவாகத் தலையை ஆட்டி, "லைடர்" என்றாள். வருந்துகிறோம், முடியாது என்று அர்த்தம். விசாவுக்கும் வீட்டுக்கும் வேலைக்கும் அலைந்த காலத்தில் கேட்டுக் கேட்டுப் புளித்த சொல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இவருடைய டையைப் பிடித்தே இழுத்திருப்பேன்.

அவள் சுவரில் இருந்த தொலைக்காட்சித் திரையைக் காட்டினாள். அங்கிருந்து பார்க்கலாமாம். அதில் மூடிய திரைச்சீலைக்கு முன் கோட்டுப் போட்ட ஒருவர் நின்று ஆதரவாளர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேச்சு!" என்றார் இவர், தேர்தலில் வென்றவர் மாதிரி. "நான் சொன்னனான் எல்லோ?"

கைதட்டல் எழுந்ததும் அந்தப் பெண் கதவைத் திறந்து எங்களைக் கடைசி வரிசையில் இருத்தினாள். பிறகு இன்னொருவர் பேச வந்தார். என் வாழ்க்கையில் எந்தப் பேச்சையும் அவ்வளவு அன்போடு கேட்டதில்லை.

திரை விலகியது. எல்லாப் பெண்களுக்கும் ஒரே சாம்பல் நிற உடை, ஒரே கொண்டை.

"எங்கட பிள்ளை எது?" என்று இவர் காதுக்குள் கேட்டார்.

"இடதுபக்கம், பின்னுக்கு. சத்தம் போடாதேங்கோ."

உண்மையைச் சொன்னால் நான் நடனம் பார்க்கவில்லை. என்ன இசை என்றும் தெரியாது. மகளின் இடது காலை மட்டுமே பார்த்தேன். பாயும் கட்டம் வந்தது. அவள் எழும்பினாள். இறங்கினாள். கால் தளம்பவில்லை. அடுத்த பாய்ச்சலுக்குப் போய்விட்டாள். எல்லாரும் கைதட்டியபோதுதான் நான் இவருடைய கையை நசுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

இடைவேளையில் கைத்தொலைபேசிக்கு ஒரு குரற்செய்தி வந்தது. மகள் மூச்சு இளைக்க இளைக்கப் பேசினாள்.

"அம்மா, அப்பா, உள்ளுக்கு வந்திட்டீங்களோ? எனக்கு நோகேல்லை. கொஞ்சமும் நோகேல்லை."

இவருடைய காதில் வைத்தேன். இன்னொருமுறை போடச் சொன்னார். போட்டேன். பட்டும் வாசனையுமாய் ஆட்கள் நிறைந்த அந்த மண்டபத்தின் நடுவில், யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், இருவரும் நின்று அழுதோம்.