அண்ணன் போட மறுத்த ஜாமீன் கையெழுத்து

எங்கள் அண்ணன் எங்களை விட்டுச் சென்று இன்று பதினாறாம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவர் வாழ்வைக் கோவையாக எழுத நினைத்தேன். மனம் இன்னும் நிலைகொள்ளவில்லை, குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தார். அவருக்குப் பதினான்கு வயதானபோது பெற்றோர் இருவரும் காய்ச்சலில் போய்விட்டார்கள். என்னை நகரத்துக் காஜா பேராங் பகுதிக்கு அழைத்து வந்து, தான் சாலையில் கல் உடைத்து, என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்.

சுதந்திரத்திற்குச் சில ஆண்டுகள் முன்பு சாலைத் தொழிலாளர்கள் சேர்ந்து சிக்கன நாணயச் சங்கம் தொடங்கினார்கள். அதுவரை சம்பள நாளன்று வட்டிக்காரர் வேலைத்தள வாசலிலேயே நிற்பார். சங்கத்திலோ மாதம் இரண்டு வெள்ளி கட்டினால் போதும். கடன் வேண்டுமானால் இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் நிற்க வேண்டும். அண்ணன் செயலாளர். அவர் வற்புறுத்தியதால் நானும் சேர்ந்தேன். கூட்டத்துக்கு மட்டும் போனதில்லை. அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு அங்கென்ன வேலை என்று நினைத்திருந்தேன்.

சுதந்திரத்திற்கு மறு ஆண்டு என் மூத்த மகளுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. இரண்டு வாரத்தில் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். கடன் மனுவில் ஜாமீனுக்கு அண்ணன் பெயரை எழுதிக் கொண்டுபோனேன். அவர் அதை அடித்துவிட்டார்.

“நான் செயலாளர்டா. சொந்தத் தம்பிக்கு நானே கையெழுத்துப் போட்டா மத்தவங்க என்ன நெனப்பாங்க? தொழிலாளிங்க லயத்து வீடுங்கள்ல போய்க் கேளு.”

“எனக்கு யாருண்ணா போடுவா?”

“எனக்கும் தெரியல. போய்ப் பாரு.”

கோபத்தோடு போனேன். வழியெல்லாம் மகளின் முகம். சாக்கடைத் துப்புரவு வேலை பார்க்கும் கருப்பையாவின் வீட்டில் அவர் மனைவி சிரித்தார். “கிராணி ஐயா வழி தவறி வந்துட்டாரு போல!”

“கூட்டத்துக்கு ஒரு தடவையாச்சும் வந்திருக்கீங்களா?” என்றார் கருப்பையா. “உங்க மூஞ்சிய ஆபீஸ் ஜன்னல்லதான் பாத்திருக்கேன்.”

“மக படிக்கணும் அண்ணே.” அவரை நான் அண்ணே என்றது அதுவே முதல் முறை.

“அத மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று பெருவிரலில் மை தடவிக்கொண்டார்.

இரண்டாமவர் கம்போங் செட்டி நாராயணசாமி. பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து மலாயே வீட்டு மொழியாகிவிட்ட செட்டிக் குடும்பம்; தமிழ் பேச வராது. மகள் ‘சிக்கு’, அதாவது ஆசிரியை, ஆகப் போகிறாளா என்று மலாயில் கேட்டார். “போலே, போலே” (தாராளமாகப் போடலாம்) என்று உடனே கையெழுத்திட்டார்.

நிர்வாகக் கூட்டத்தில் என் மனுவை எடுத்ததும் அண்ணன் எழுந்து வெளியே வந்தார். உறவினர் மனுவென்றால் செயலாளரும் அறையில் இருக்கக் கூடாது என்பது சங்க வழக்கம். வெளியே காத்திருந்த என் பக்கத்தில் வந்து நின்றார்.

“பயமா இருக்குடா. புள்ளைக்கு எடம் போயிட்டா என்னை மன்னிப்பியா?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிறிது நேரத்தில், ஜாமீன்தாரராக உள்ளே அழைக்கப்பட்டிருந்த கருப்பையா அண்ணன் கதவைத் திறந்தார். “கடன் குடுத்தாச்சு. ரெண்டு பேரும் உள்ள வாங்க, தேத்தண்ணி ஆறுது!”

மருத்துவமனையில் கடைசி நாட்களில் அண்ணன் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். “பாப்பா பாஸாயிட்டாளா?” என் மகள் பயிற்சியை முடித்திருந்தாள்; இறுதித் தேர்வு முடிவு மட்டும் வந்திருக்கவில்லை. “பாஸாயிட்டாண்ணா” என்று சொல்லிவிட்டேன். அவரிடம் நான் சொன்ன கடைசிச் சொல் பொய்யாகிவிடுமோ என்று ஒரு வாரம் தவித்தேன். அவர் போன எட்டாம் நாள் கடிதம் வந்தது. தேறிவிட்டாள்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட தாதியர்க்கும், பாடை சுமந்த சங்கத்தார்க்கும், உடனிருந்த அனைவர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கருப்பையா அண்ணனுக்கும் நாராயணசாமிக்கும் தனியாக ஒரு சொல்: நீங்கள் ஜாமீன் நின்ற பிள்ளை ஆசிரியையாகிவிட்டாள். அண்ணன் இருந்திருந்தால் உங்கள் வீடு தேடி வந்து இதைச் சொல்லியிருப்பார். அவருக்காக நான் சொல்கிறேன்.