வலிக்கு நான்கெல்லை

மூன்றாவது முறையும் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் பரிசோதனை) சரியாகவே இருந்தது. எனக்கு அதில்தான் சந்தேகம் வந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனை. நடைபாதையில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நெஞ்சின் மேல் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போல வலி. கையில் இருக்கும் தாளோ ஒன்றுமில்லை என்கிறது. தாளையும் தரையையும் ஒத்துப்பார்ப்பதுதான் என் தொழில். இரண்டும் ஒத்துவராத இடத்தில் எவனோ விளையாடியிருக்கிறான் என்று அர்த்தம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மனைப் பிரிவுகளில் எல்லைக்கல் சுமக்கும் கூலியாக ஆரம்பித்தேன். பிறகு கூடுவாஞ்சேரியிலும் படப்பையிலும் நானே நகர் போட்டு விற்றேன். வக்கீல் பார்த்து முடித்த பத்திரத்தில் வில்லங்கம் கண்டுபிடித்திருக்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஆனால் காரணமும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆள் எதையும் சுலபத்தில் நம்பமாட்டான் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம் எனக்கு உண்மையாகவே மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் சிறிய வலைக்குழாய்) வைத்தார்கள். பிழைத்தேன். சில மாதம் நன்றாக இருந்தேன். பிறகு இந்த வலி. வந்தால் வியர்க்கும், கை நடுங்கும், இதோ முடிந்தது என்று தோன்றும். மருத்துவமனைக்கு ஓடுவோம். அங்கே எல்லாம் சரி என்பார்கள். தனியாக இருக்கவே முடியாமல் போனது. கழிவறைக் கதவைக்கூட தாழ் போடுவதில்லை.

இதய மருத்துவர் என் தோளில் கை வைத்தார். "பாய், உங்க ஹார்ட் நல்லா இருக்கு. நம்புங்க. இது பேனிக் அட்டாக்." அதாவது உடம்பில் கோளாறு இல்லாமலே பயம் திடீரென்று தாக்குவது.

"பயமா? எனக்கா?" என்றேன். "ரவுடிங்க கத்திய காட்டினப்போ கையெழுத்து போடாத ஆளு சார் நானு."

அவர் சிரித்துவிட்டு, மாடியில் இருந்த மனநல மருத்துவரிடம் அனுப்பினார். சின்ன வயதுப் பெண். மாத்திரை எழுதினார். அதோடு விட்டிருக்கலாம்.

"வலி வரும்போது என்ன தோணுதுன்னு ஒரு நோட்ல எழுதுங்க" என்றார்.

"எழுதி யார்கிட்ட குடுக்கணும்?"

"யார்கிட்டயும் வேணாம். எனக்கும் காட்ட வேணாம்."

"யாருக்கும் காட்டாத பத்திரம் எதுக்கும்மா?"

"உங்களுக்கு உங்கள காட்டத்தான்."

வெளியே வந்ததும் மகன் ஜாபரைப் பார்த்தேன். இவன்தான் அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறானோ? என் வாயிலிருந்து வராததை என் கையெழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்பனுக்குப் புத்தி சரியில்லை என்று காட்டப் பார்க்கிறானோ? துபாயில் வேலை கிடைத்தும் அவன் போகாமல் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். மறைமலை நகர் பக்கம் நான் போட்டிருந்த புது மனைப் பிரிவின் மேல் அவனுக்குக் கண் என்று நினைத்தேன்.

ஆனாலும் நோட்டு வாங்கினேன். வலி அப்படி இருந்தது.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்று, பத்திர எழுத்து. செங்கல்பட்டு மாவட்டம், தாம்பரம் வட்டம், இன்னார் மகன் என்று தொடங்கினேன். பிறகு, மனைக்குக் குறிப்பது போலவே வலிக்கும் நான்கெல்லை குறித்தேன். என் தலை இருக்கும் பக்கத்தை வடக்கு என்று வைத்துக்கொண்டு எழுதினேன். எழுதி முடித்ததும் கை நின்றுவிட்டது. எங்களில் மய்யத்தை (இறந்தவர் உடலை) கபரில் (சவக்குழியில்) வைக்கும்போது தலை வடக்கேதான் இருக்கும். உடனே அடித்தேன். காலை வடக்காக மாற்றினேன். வடக்கே விலாவின் கடைசி எலும்பு, தெற்கே கழுத்தெலும்பு, மேற்கே இடது அக்குள், கிழக்கே நடு நெஞ்செலும்பு. இதற்குள் அடங்கிய வலி.

சிரிப்பு வந்தது. வலி குறைந்தது போலவும் இருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு வலி வரும்போதெல்லாம், மனதில் தோன்றுவதையும் சேர்த்து எழுதினேன். பத்திரம் என்றால் சாட்சி வேண்டுமே. யார் பக்கத்தில் இருந்தார்கள், அப்போது என்ன பேச்சு நடந்தது என்பதையும் கீழே குறித்தேன். யாராவது திருடிப் படிக்கிறார்களா என்று பார்க்க, பக்கங்களுக்கு நடுவில் ஓர் அரிசியை வைத்து மூடுவேன். ஒருநாள் அரிசியைக் காணோம்.

மனைவி பல்கீஸைக் கூப்பிட்டேன். "யார் எட்த்து படிச்சது?"

"எறும்பு தின்னிருக்கும்" என்றாள். "வூட்ல இருக்கற வேலைக்கு உங்க நோட்ட வேற படிக்கணுமா? அரிசிய அரிசிப் பானைல போடுங்க."

நான் நம்பவில்லை. அடுத்த முறை உளுந்து வைத்தேன்.

சில வாரம் கழித்து நோட்டை எடுத்து மொத்தமாகப் படித்தேன். அடுத்தவன் கொண்டுவரும் பத்திரத்தை எப்படிப் படிப்பேனோ அப்படி, கடைசியிலிருந்து முதலுக்கு, எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டே போனேன். சாட்சி இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஜாபர்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இவன் இருந்தால்தான் வலி வருகிறது. டீயில் எதையாவது கலக்கிறானா? பெற்ற மகனைப் பற்றி இப்படியும் நினைத்தேன். எழுதும்போது மறைக்கக் கூடாது.

ஆனால் ஒரு சாட்சியை மட்டும் வைத்து நான் எந்தப் பத்திரத்தையும் ஒதுக்கியதில்லை. மறுபடி பார்த்தேன். அவன் என்னோடு படப்பைக்கு வந்து நாள் முழுக்க வெயிலில் நின்ற அன்று வலி இல்லை. அன்றும் டீ போட்டுக் கொடுத்தது அவன்தான். வலி வந்த நாட்களில் என்ன பேச்சு? துபாய்க்கு ஆள் அனுப்பும் மண்ணடி ஏஜெண்ட் போன் செய்தான். பாஸ்போர்ட்டை எங்கே வைத்தாய் என்று பல்கீஸ் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர், எப்போது பயணம் என்று விசாரித்தார். எல்லாம் அவன் போகிற பேச்சு.

மேல் பாதியில் அவன் சொத்துக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறேன். கீழே சாட்சிப் பகுதி வேறு சொல்கிறது. ஒரே பத்திரம், ஒரே கை. எழுதியவன்தான் பொய் சொல்கிறான். இத்தனை வருடத் தொழிலில் என் கையெழுத்தை நான் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

பேனாவை எடுத்து, "ஜாபர் போகக் கூடாது" என்று எழுதினேன். அடிக்கலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

அவன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "டிக்கெட் எட்த்துட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தா. உங்க உடம்பு இப்டி இருக்கும்போது எப்டிப் போறது? கம்பெனிலயும் இந்த மாசம் வரைக்கும்தான் காத்திருப்பாங்களாம். போவட்டும்."

"நீ போறன்னு பேச்சு வந்தா எனக்கு நெஞ்சு வலிக்குது. அவ்ளோதான் விஷயம்."

துணியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தான். "இத அப்பவே சொல்லியிருந்தா மூணு ஈ.சி.ஜி. மிச்சம் ஆயிருக்கும் அத்தா" என்றான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தான்.

"டிக்கெட் எடு" என்றேன்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அவன் கண்ணாடிக் கதவுக்குள் போனதும் வலி வந்தது. வரும் என்று தெரியும். நோட்டு வீட்டில் இருந்தது. காரில் உட்கார்ந்து சட்டைக்கு மேலேயே விரலால் எல்லையைத் தடவிப் பார்த்தேன். அக்குள் வரை வந்தது. நடு எலும்பு வரை வந்தது. அதைத் தாண்டவில்லை.

"வலிக்குதா? ஆஸ்பத்திரி போலாமா?" என்றாள் பல்கீஸ்.

"இது புள்ள போற வலி. கொஞ்சம் இரு, போய்டும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. அவனுடையது அல்ல, அதற்கு இன்னும் நேரம் இருந்தது. வலியும் மெல்லப் போனது.

உங்களுக்கும் ரிப்போர்ட் சரியாக இருந்து நெஞ்சு மட்டும் சரியில்லை என்றால் சொல்கிறேன். முதலில் டாக்டரைப் பாருங்கள். வலி வந்தால் ஓடுங்கள், வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று அவர்கள் உறுதியாகச் சொன்ன பிறகு ஒரு நோட்டு வாங்குங்கள். குணமாக்கியது மாத்திரையா எழுத்தா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் தெரியாது. இரண்டையும் நான் முழுசாக நம்பவில்லை, இரண்டையும் விடவுமில்லை. உளுந்தும் வைக்கிறேன்.

முன்பெல்லாம் வலி வந்தால் அதற்கு முடிவே இல்லை என்று தோன்றும். இப்போது அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு கடைசியும் தெரிகிறது. நடுவில் நான் இருக்கிறேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தால், ஜாபருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்று மனம் கழித்துக்கொள்கிறது. இங்கே இருட்டிவிட்டால்கூட, அவனிடம் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

போன வாரம் புது நோட்டு ஆரம்பித்தேன். வழக்கம் போல மாவட்டம், வட்டம் எழுதி எல்லைக்கு வந்தேன். தலையை வடக்கு என்று எழுதினேன். அடிக்காமல் அடுத்த வரிக்குப் போனேன்.