ஜெபமாலையம்மாள் தன் பிறந்த தேதியைத் தேடிய கதை

முப்பது வருஷம், விராலிமலை வட்டாரத்தில் ஜெபமாலையம்மாளின் கைபடாமல் ஒரு குழந்தைகூடப் பூமிக்கு வந்ததில்லை. மலைமேல் திரியும் மயில்களும் அவருக்கு ஆள் அனுப்பிவிட்டுத்தான் முட்டையிட்டன. மயில் விஷயம் கொஞ்சம் கூட்டிச் சொன்னது; குழந்தை விஷயத்திலும் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். கழித்தது போக மிஞ்சுவதே ஒரு தாலுகாவுக்குக் காணும்.

ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம் அவருடையது. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தபோதே விராலிமலை ஆஸ்பத்திரிக்கு மருத்துவச்சியாக வந்தவர். ஆஸ்பத்திரி என்றால் ஓட்டுக் கட்டடம் ஒன்று, கம்பவுண்டர் ஒருவர், கசப்பு மருந்து நிறைந்த ஜாடிகள் சில. பிரசவத்துக்கென்று தனி இடம் கிடையாது. வீடுவீடாகப் போய், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய இருட்டறைகளில் மண்தரையில் குந்திக் குந்தியே அவர் முழங்கால் தேய்ந்தது. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போய்ச் சென்னை சர்க்கார் வந்தது. முழங்கால் வலி மட்டும் பழைய சமஸ்தானத்துக்கே விசுவாசமாக இருந்தது.

ஐம்பத்தேழில் ஆஸ்பத்திரிக்குத் தெற்கே பிரசவ வார்டுக்கு அஸ்திவார வானம் தோண்டினார்கள். இடுப்புயரத்துக்கு இரும்பு மேசை வரும், திருகினால் தண்ணீர் கொட்டும் குழாய் வரும் என்று புதிதாக வந்த டாக்டர் சொல்லியிருந்தார். ஜெபமாலையம்மாள் தினமும் சாயந்திரம் போய்ச் சுவர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்து வருவார், பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றைப் பார்ப்பதுபோல. நின்றபடி ஒரு பிரசவம் பார்த்துவிட வேண்டும். வாழ்க்கையில் அவர் வேறெதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது உத்தரவும் வந்தது. ஐம்பத்தைந்து வயது நிறைவதால் வருஷக் கடைசியோடு ஓய்வு. வார்டு திறக்கும்போது அந்த மேசைக்கு முன்னால் வேறு எவளோ நிற்பாள்.

அவருக்கு நிஜத்தில் ஐம்பத்தொன்றுதான். மிச்ச நாலு வயசு அவருடைய அப்பா அந்தோணிமுத்து போட்டது. சமஸ்தானத்து வேலைக்கு மனு எழுதும்போது, இருபத்தொரு வயசுப் பெண்ணை நம்பி எவன் பெண்டாட்டியை ஒப்படைப்பான் என்று யோசித்தவர், இருபத்தைந்து என்று எழுதிவிட்டார். ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு வயசைக் குறைத்து எழுதிய காலத்தில் கூட்டி எழுதிய ஒரே தகப்பன் அவர்தான். மகளும் கொண்டையை இறுக்கி முடிந்து, சிரிப்பைக் குறைத்து, அந்த நாலு வயசையும் முப்பது வருஷம் சுமந்தார்.

ஆஸ்பத்திரி ஆயா பொன்னுத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். "நெசமான வயச எங்கிட்டோ எழுதித்தானம்மா வச்சிருப்பாங்க. போய்க் கேட்டு வாங்குவோம். நானும் வாரேன்" என்றாள். டவுன் பஸ்ஸும் ஓட்டல் காப்பியும் அவள் கண்ணில் அப்போதே தெரிந்தன.

மாதா கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்தக் காலத்துப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. தின்னாவிட்டாலும் செல்லாது, சர்க்கார் முத்திரை போட்ட பிறப்பு நகல்தான் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சமஸ்தானம் இணைந்தபோது ஜனங்கள் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். காகிதங்கள்தான் ஊர் ஊராகப் போயிருந்தன. கீரனூர் தாலுகா ஆபீசில், எல்லாம் அப்போதே லாரியில் திருச்சிக்குப் போய்விட்டது என்றார்கள். திருச்சியில், வந்தது வாஸ்தவம், பிறப்பு இறப்புக் கணக்கை மட்டும் புதுக்கோட்டைக்கே திருப்பி அனுப்பிவிட்டோம் என்றார்கள். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குக்கூட இத்தனை போக்குவரத்து கிடையாது என்றாள் பொன்னுத்தாய்.

புதுக்கோட்டை ரிக்கார்டு ரூம் வாசலை மிதித்ததும் பூச்சிக்குப் போட்ட வசம்பு வாசனை முகத்தில் அடித்தது. உத்தரம் வரை சிவப்புத் துணிக் கட்டுகள். ஜெபமாலையம்மாளுக்குக் கொஞ்ச நேரம் வந்த வேலையே மறந்துபோயிற்று. சின்ன வயசில் நவராத்திரிக்கு அப்பாவின் தோளேறி இந்த ஊருக்கு வந்ததும், அரண்மனையில் அரிசியோடு கொடுத்த அம்மன் காசைக் கைவிட்டுப் போகாமல் வாய்க்குள் அடக்கிக்கொண்டதும், அதன் செம்புச் சுவையும் நாக்குக்குத் திரும்பி வந்தன. அந்த அரண்மனைச் சீமை முழுவதையும் மூட்டை கட்டி இந்த அறையில் அடுக்கியிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

அங்கே இருந்த குமாஸ்தாவின் பெயர் உடையப்பன். நகல் மனுவில் ஊர், தகப்பன் பெயர், தேதி மூன்றும் வேண்டும், தேதி இல்லாமல் கட்டைப் பிரிக்க முடியாது என்றார். ஜெபமாலையம்மாள் தயங்கவில்லை. ஆவூரில் ஈஸ்டர் பாஸ்குத் தேர் நிலைக்கு வந்த அன்று பிறந்தவள் என்று அவருடைய ஆத்தா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஐம்பத்தேழாம் வருஷத் தேர் ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி ஓடியிருந்தது. அதையே எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு மாதம் கழித்துப் போனால், மனுவின் முதுகில் 'பதிவு இல்லை' என்று எழுதியிருந்தது.

பஸ் ஏறித் திரும்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கால் நகரவில்லை. மேசைக்கு முன்னாலேயே நின்றார். உடையப்பனுக்குத்தான் சங்கடமாகிவிட்டது. தேதியை யார் சொன்னது என்று கேட்டார். தேர்க் கதையைச் சொன்னார் ஜெபமாலையம்மாள்.

"ஏம்மா, உங்க தேரு வருஷா வருஷம் ஒரே தேதியிலயா ஓடுது? எங்க பங்குனி உத்திரம் அப்படி வராதே."

ஜெபமாலையம்மாளுக்கு முகம் கறுத்தது. பாஸ்கு பௌர்ணமியைப் பார்த்து வருவது என்பதும், ஒரு வருஷம் இருந்த தேதியில் மறு வருஷம் இருக்காது என்பதும் ஆவூரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் பேச்சு நிற்கவில்லை.

"ஊருல உள்ளவளுகளுக்கெல்லாம் அமாவாசை, பௌர்ணமின்னு நாள் குறிச்சுக் குடுத்தீங்க. உங்களுக்கு மட்டும் காலண்டராம்மா?"

பங்குச் சாமியார் பழைய லத்தீன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் வருஷத்துப் பாஸ்கு ஏப்ரல் பதினைந்து என்று எடுத்துக் கொடுத்தார். புது மனு, புது ஸ்டாம்பு. கார்த்திகை அடைமழையில் மறுபடியும் புதுக்கோட்டை. வார்டுக்கு அதற்குள் ஓடு போட்டாகிவிட்டது. உத்தரவுப்படி அவருக்கு மிச்சமிருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு.

உடையப்பன் கட்டை அவர் எதிரிலேயே பிரித்தார். விரல் வரிவரியாக இறங்கியது. பிறகு நின்றது.

"ஆவூர். தகப்பன் அந்தோணிமுத்து. பெண்."

"பேரு?" என்றார் ஜெபமாலையம்மாள்.

"பொறந்த அன்னிக்கு ஏதும்மா பேரு?"

அது அவருக்குத் தெரியாததா. பெயர் வைக்காத எத்தனையோ சிசுக்களை அவரே கிராம முன்சீப்பிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறார். இருந்தும் அந்த வரியின் மேல் குனிந்தார். அந்தப் பழுப்புத்தாளில் அப்பா இன்னும் யாருக்கும் வயசைக் கூட்டிச் சொல்லவில்லை. ஆத்தா சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு பாயில் படுத்திருந்தாள். தெருவில் தேர் இழுத்த சனம் கலைந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். உடையப்பனும் அலுக்காமல் வாசித்தார்.

நகல் போன வேகத்தில் உத்தரவு ரத்தாகவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனபோதும் பதில் வந்திருக்கவில்லை. வருஷம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தபால் வந்தது. இன்னும் நாலு வருஷம்.

சித்திரையில் வார்டு திறந்தார்கள். இரும்பு மேசை வந்திருந்தது. குழாய் வந்திருந்தது, தண்ணீர் வரவில்லை. முதல் பிரசவத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அழகி என்கிற பெண்ணை வண்டியில் கொண்டுவந்தார்கள். நல்ல சிவப்பான ஆண் குழந்தை.

மறுநாள் காலை பிறப்பு எழுத முன்சீப் பிச்சைமுத்து வந்தார். பேனாவை உதறிக்கொண்டு, பிறந்த இடம் என்ன போடுவது என்று கேட்டார்.

ஜெபமாலையம்மாள் நெஞ்சை நிமிர்த்தினார். "பிரசவ வார்டு. புது மேசை. நான் நின்னுக்கிட்டே பாத்த பிரசவம், எழுதிக்கங்க" என்றார். மேசை கண்ணாடிபோல் மின்னியதையும், குழந்தை அழாமல் சுற்றும் முற்றும் பார்த்துக் கட்டடத்தை மெச்சியதையும் விஸ்தாரமாகச் சொன்னார். பிச்சைமுத்து 'வா' என்று எழுதத் தொடங்கியிருந்தார்.

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் தலை நிமிராமல் சொன்னாள்:

"வார்டுன்னு போடாதீங்கய்யா. ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்துல மாட்டு வண்டிக்குள்ளயே பொறந்துருச்சு. அம்மா வைக்கோல்ல குந்தித்தான் பாத்தாங்க. மேசைக்குக் கொண்டாந்தது பெறகு."