ராக்கம்மாவின் உப்புச் சட்டி

கடுகண்ணாவைக் கணவாயில் ராக்கம்மா சோற்றுக்கடை வைத்திருந்தாள். ரயில் வராத காலம். கண்டிப் பக்கத்துத் தோட்டங்களின் கோப்பிக்கொட்டையெல்லாம் மாட்டுக் கரத்தையில்தான் கொழும்புக்கு இறங்கும். மாடே மூச்சு வாங்கும் அந்த மேட்டில் கரத்தைக்காரர்களுக்குப் பசிக்காமல் என்ன செய்யும்?

ஒரு புதன்கிழமை காலையில் கரத்தைகளை நடத்தும் பளீல் முதலாளி வந்தார். "ராக்கம்மா, இன்னைக்கு மத்தியானம் இருபது கரத்தை, நாளைக்கு நாப்பது. ஆக்குவியா? சரியா வந்தா, கோப்பி முடியிற மட்டும் எங்க சாப்பாடு உன்கிட்டதான்."

அடேயப்பா! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கடையில் இருந்ததோ ஒரே அடுப்பு. பக்கத்து வீட்டுக் கத்தரீனாவிடம் பருப்புக் குழம்பையும், எதிர்வீட்டுப் பாலம்மாவிடம் பூசணிக் கறியையும் ஒப்படைத்தாள். ஒப்படைத்தாள் என்பது சும்மா பேச்சுக்கு.

"உப்பை மட்டும் தொடாதீங்க. நான்தான் போடுவேன்!"

உப்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூன்று அடுப்புக்கும் ஓடினாள், அப்படி ஓடினாள். சாமிக்குப் படைக்காமல் எதையும் நாக்கில் வைக்கமாட்டாள். எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்பதெல்லாம் மனசில்தான்.

கத்தரீனா மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளுக்கு அந்தத் தடையில்லை. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். "அக்கா, இதுக்குப் போட்டாச்சு."

"எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு!" இன்னொரு கை உப்பு விழுந்தது.

மத்தியானம் பளீல் முதல் வாயையே துப்பினார். குழம்பு வெறும் கரிப்பு. பூசணியிலோ மருந்துக்கும் உப்பில்லை. "நாளைக்கும் இப்படின்னா கீழ இருக்கிற கடைக்குப் போயிருவேன்."

ராக்கம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? போட்டது அவள் கைதானே!

மறுநாள் விடிந்ததும் சாமிக்கென்று ஒரு சின்னச் சட்டியில் தனியாக ஆக்கிப் படைத்துவிட்டாள். பிறகு உப்பைப் பங்கு பிரித்தாள். "இந்தா கத்தரீனா, நீயே போடு, நீயே ருசி பாரு. பாலம்மா, உன் சட்டி உன் பொறுப்பு."

சொல்லிவிட்டாளே தவிர, கை நமநமவென்றது. எதிர்வீட்டுப் பக்கம் போன காலை மூன்று தரம் திருப்பிக் கொண்டுவந்து இலை நறுக்க உட்கார்ந்தாள்.

நாற்பது கரத்தையும் வந்தது. பளீல் மூன்றாம் தரமும் சோறு வாங்கினார். "இன்னைக்கு உப்பு யார் போட்டது?"

'நான்தான்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். "குழம்புக்குக் கத்தரீனா! பூசணிக்குப் பாலம்மா!" தெருவே கேட்கக் கத்தினாள்.

"சரி, சாப்பாடு இனி உன்கிட்டதான். நாளைக்கு அறுபது."

அவள் இடுப்பில் சட்டி இல்லை. இரண்டு கையையும் அங்கே ஊன்றிக்கொண்டாள்.

"அறுபது என்ன முதலாளி, எண்பதாவே அனுப்புங்க!"